ஏப்ரன் அணிந்த நவாப்

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் ஆலயத்துக்கு ஏறிச் செல்லும் பாதையோரம் வெலஸ்லி லொட்ஜ் என்று அழைக்கப்படும் பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. மாணவர்களுடன் ஒருமுறை அதன் முன்னால் நின்றபோது, பிரீமேசன்கள் இரகசியமாகக் கூடிய இடம் இதுதானா சேர் என்று ஒரு பையன் கேட்டான். முக்கோணத்துக்குள் கண், தஜ்ஜாலின் படை, உலகத்தை ஆளும் பதின்மூன்று குடும்பங்கள் என்று வட்ஸ்அப்பில் வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறான் என்பது தெரிந்தது. லொட்ஜ் என்றால் அங்கே வெறும் தங்குமனை என்றுதான் பொருள் என்று அப்போதைக்குச் சொல்லி அழைத்து வந்துவிட்டேன்.

அந்தப் பதில் பிழையல்ல, ஆனால் பாதிதான். அந்த வீட்டோடு பெயர் சேர்ந்துபோன ஆர்தர் வெலஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர், உண்மையிலேயே பிரீமேசனாகச் சேர்க்கப்பட்டவர்தான். அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, கடலுக்கு அக்கரையில் திருச்சிராப்பள்ளியில், தமிழ் நாட்டை ஆண்ட முஸ்லிம் அரச குடும்பத்தின் மூத்த மகன் அதே சங்கத்தில் சேர்ந்திருந்தார். பிரீமேசன்கள் ஒருவரையொருவர் சகோதரர் என்றே அழைப்பர். அந்தச் சகோதரருக்கு இந்தச் சகோதரரின் குடும்பம் என்ன செய்தது என்பதுதான் அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி.

நவாப் உம்தத்துல் உமரா 1748இல் பிறந்தவர். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் மூத்த புதல்வர். கர்நாடகம் என்று அன்று சொல்லப்பட்ட அவர்களது நாடு இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல; நெல்லூர் தொடங்கித் திருநெல்வேலிச் சீமை வரை நீண்ட கிழக்குக் கரை. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆளுக்கொரு நவாபைத் தூக்கிப் பிடித்துச் சண்டையிட்ட காலத்தில், ரொபர்ட் கிளைவும் கம்பனிப் படையும் நின்ற பக்கம் வாலாஜாவின் பக்கம். 1751 ஆற்காட்டு முற்றுகையும் திருச்சிக் கோட்டையைச் சுற்றி நடந்த நீண்ட போரும் மகனின் சிறுபிராயத்து நிகழ்வுகள். ஆங்கிலேயரோடு இருந்தால்தான் அரியணை தங்கும் என்ற பாடத்தை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார். 1768இல் குடும்பம் சென்னைச் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டியது. கம்பனியின் ஜோர்ஜ் கோட்டைக்கு மிக அருகில், கடலைப் பார்த்தபடி.

1775 அளவில், திருச்சிராப்பள்ளியில் கம்பனி மருத்துவர் டெரன்ஸ் கஹகன் அவரைப் பிரீமேசனாகச் சேர்த்துக்கொண்டார். இந்தியாவில் பிறந்தவர்களில் இச்சங்கத்தில் சேர்ந்த முதலாமவர் என்று இவரையே குறிப்பிடுவார்கள்.

அப்படி என்னதான் அந்தச் சங்கம்? ஐரோப்பாவில் கல்தச்சர்கள் பெரிய கட்டடங்களுக்கு வேலை செய்யும்போது தங்கிய கொட்டகைக்குத்தான் முதலில் லொட்ஜ் என்று பெயர். காலப்போக்கில் கல்லையே தொடாத பிரபுக்களும் மருத்துவர்களும் படை அதிகாரிகளும் அதில் சேர்ந்தார்கள். உளியும் கல்லும் போய் அவற்றின் அடையாளங்கள் மட்டும் மிஞ்சின. 1717இல் லண்டனில் நான்கு லொட்ஜ்கள் சேர்ந்து தலைமைச் சபை அமைத்தன. 1723இல் ஜேம்ஸ் அண்டர்சன் என்ற பாதிரியார் தொகுத்த விதிநூல் அச்சானது. அதன் முதல் விதி சமயம் பற்றியது: படைத்தவனை மறுப்பவருக்கு இடமில்லை, அதற்கு அப்பால் எந்த மதத்தவர் என்று கேட்பதில்லை. அவனைப் பேரண்டத்தின் சிற்பி என்ற பொதுப் பெயரால் குறிப்பார்கள். பின்னாளில், சேரும் முஸ்லிம் குர்ஆனின் மீது சத்தியம் செய்வது வழக்கமானது.

சேருபவர் மூன்று படிகள் ஏற வேண்டும்: பயிலுநர், தொழிலாளர், தலைமைத் தச்சர். கூட்டம் நடக்கும்போது கதவுக்கு வெளியே காவலாக ஒருவர் நிற்பார். உள்ளே தலைவரும் இரு கண்காணிப்பாளர்களும் தத்தம் திசையில் அமர்வார்கள். தரை கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரம் போட்டிருக்கும். மூலைமட்டம் நேர்மையைக் குறிக்கும். கவராயம் ஆசையை வரம்புக்குள் வைப்பதைக் குறிக்கும். மட்டப்பலகை எல்லாரும் சமம் என்பதைக் குறிக்கும். தச்சனின் இடுப்புத் தோலை நினைவூட்டும் ஏப்ரனை அணியாமல் எவரும் உள்ளே போக முடியாது, அரசனே ஆனாலும். ஏழைச் சகோதரருக்கும் விதவைகளுக்கும் பணம் சேர்ப்பார்கள். கூட்டம் முடிந்தால் விருந்து. அந்த விருந்தில் மதுக்கிண்ணம் உயர்த்தும் வழக்கம் உண்டென்பதையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கண்டிப்பான விதி: லொட்ஜுக்குள் மதத்தைப் பற்றியோ அரசியலைப் பற்றியோ விவாதிக்கக் கூடாது.

இதில் எதுவும் நமக்குத் தேவையில்லை, சமத்துவத்தைப் பள்ளிவாசல் வரிசையிலேயே கற்றுக்கொண்டோம் என்று வாசகர் சொல்லலாம். சரிதான். 1978இல் மக்காவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை முஸ்லிம்கள் இதில் சேரக் கூடாது என்று தீர்மானித்ததையும் நாம் அறிவோம். கத்தோலிக்கப் பாப்பரசர் 1738இலேயே தம் மக்களுக்கு இதைத் தடை செய்துவிட்டார். நான் இந்தச் சங்கத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் ஒரு நவாபின் மகன் ஏன் அங்கே போனார் என்பதைக் கொஞ்சம் அவர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அவர் காலத்தில் ஆங்கிலேயர் தன்னைச் சமமாக உட்காரவைக்கும் அறை சென்னையில் வேறு எங்கும் இல்லை. கோட்டைக்குள் போனால் அவர் கடன்காரரின் மகன். லொட்ஜுக்குள் சகோதரர்.

செய்தி லண்டனுக்கு எட்டியதும் தலைமைச் சபை மகிழ்ந்துபோனது. அழகாக அலங்கரித்த நீல ஏப்ரன் ஒன்றையும், சிறப்பாகக் கட்டுமானம் செய்த விதிநூல் ஒன்றையும், வாழ்த்து மடலையும் அனுப்பிவைத்தது. வங்காளத்தின் அட்வகேட் ஜெனரலாக வந்த சேர் ஜோன் டே அவற்றை எடுத்து வந்தார். உம்தத்துல் உமரா பாரசீகத்தில் பதில் எழுதினார். ஆங்கிலேய மேசன் என்ற பட்டத்தைத் தமக்குக் கிடைத்த பெரும் சிறப்புகளில் ஒன்றாக மதிப்பதாகவும், இரு இனத்தாரின் நட்புக்கு அது உறுதி சேர்ப்பதாகவும் அதில் தெரிவித்தார். மடலின் மொழிபெயர்ப்பு லண்டன் சபையில் வாசிக்கப்பட்டது.

அதே ஆண்டுகளில் கணக்குப் புத்தகம் வேறு கதை எழுதிக்கொண்டிருந்தது. நவாபைப் பாதுகாக்கக் கம்பனி படை வைத்திருந்தது. படையின் செலவை நவாப் கட்ட வேண்டும். கையில் பணம் இல்லாதபோது, கம்பனியின் உத்தியோகத்தர்களே தனிப்பட்ட முறையில் அதிக வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடனுக்கு ஈடாக ஊர்களின் வரியை எழுதி வாங்கினார்கள். விளைச்சல் வீட்டுக்கு வருமுன் வரி வசூலிப்பவர் வயலில் நின்றார். போல் பென்ஃபீல்ட் இவர்களில் பெயர்பெற்றவர். 1785இல் எட்மண்ட் பேர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களின் அசிங்கத்தைப் பற்றியே மணிக்கணக்கில் பேசினார். ஒன்றும் மாறவில்லை. 1792 ஒப்பந்தத்தின்படி படைச் செலவுக்கு மட்டும் ஆண்டுக்கு 9 இலட்சம் வராகன். கடன்காரர்களுக்கு அதற்கு மேல். கம்பனியின் சம்மதமின்றி வேறு அரசர்களோடு கடிதத் தொடர்பு வைக்கவும் கூடாது. வட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதி தேடும் குடும்பங்களை நம் ஊரிலும் பார்க்கிறோமே, அதன் அரண்மனை வடிவம் இது.

திருகோணமலை இந்தக் கதைக்குள் வருவதும் இங்கேதான். சென்னைக்குத் துறைமுகம் இல்லை; திறந்த கடல்தான். வடகீழ்ப் பருவக் காற்று தொடங்கினால் கப்பல்கள் அங்கே நிற்க முடியாது. ஆகவே எங்கள் குடா சென்னைக்கு உயிர்நாடி. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் இதைப் பிடித்தார்கள். ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பறித்தார். 1795 ஓகஸ்ட் 26 அன்று சென்னையிலிருந்து வந்த படையிடம் ஒல்லாந்தர் கோட்டையை ஒப்படைத்தனர். ஏழு வாரம் கழித்து, ஒக்டோபர் 13 அன்று வாலாஜா மௌத்தானார். உம்தத்துல் உமரா நவாபானார். அடுத்த ஆண்டு இலங்கைக் கரையோரம் முழுவதும் சென்னைக் கம்பனியின் ஆட்சிக்குள் வந்தது. நம் பாட்டன்மாருக்கு வரி விதித்ததும் சேப்பாக்கத்து நவாபின் கழுத்தை நெரித்ததும் ஒரே காரியாலயம்.

பட்டத்துக்கு வந்த நாள் முதல் அவரிடம் மாவட்டங்களைக் கேட்டார்கள். கடனுக்கு ஈடாக எழுதிய பகுதிகளைக் கம்பனிக்கே விட்டுவிடும்படி ஆளுநர் ஹோபார்ட் நெருக்கினார். தந்தை சாகும்போது ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாற்றக் கூடாது என்று சொல்லிச் சென்றிருப்பதாக நவாப் மறுத்தார். வாழ்நாள் முழுதும் ஆங்கிலேயருக்கு இணங்கிப் போனவர் என்று அவரைக் குறை சொல்வோர் இந்த மறுப்பை மறந்துவிடுகிறார்கள். ஆறு ஆண்டுகள் அவர் அசையவில்லை.

1798இல் புதிய தலைமை ஆளுநராக ரிச்சர்ட் வெலஸ்லி இந்தியாவுக்கு வந்தார். ஆர்தரின் அண்ணன். இவர்களின் தந்தை 1776இல் அயர்லாந்துப் பிரீமேசன்களின் தலைமைக் குரு. ரிச்சர்ட் தாமே 1782இல் அந்தப் பதவியில் இருந்தவர். ஆர்தர் 1790 டிசம்பரில் டிரிம் என்ற ஊரின் குடும்ப லொட்ஜில் சேர்ந்தார். நவாபின் ஏப்ரனைப் பற்றி ரிச்சர்டுக்கு யாராவது சொல்லியிருந்தால்கூட, அரசியல் பேசக் கூடாது என்ற விதி இருக்கிறதே. சகோதரத்துவம் கதவுக்கு உள்ளே; நாட்டைப் பறிப்பது கதவுக்கு வெளியே. அந்த விதி சண்டையைத் தவிர்க்க எழுதப்பட்டது என்பார்கள். அநியாயம் செய்தவருக்கும் அதே விதிதான் நிழல் கொடுத்தது.

1799 மே 4 அன்று சிறீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் ஷஹீதானார். அரண்மனைக் காகிதங்களில் வாலாஜாவும் மகனும் திப்புவின் தூதர்களோடு பேசிக்கொண்ட விபரம் இருப்பதாக வெலஸ்லி அறிவித்தார். திப்புவின் இரு புதல்வர்கள் 1792க்குப் பிறகு சென்னையில் பணயமாக இருந்தபோது, உடன் வந்த தூதர்களை இவர்கள் உபசரித்தது உண்மை. இரகசியக் குறியீட்டுத் தாள் ஒன்றும் கிடைத்தது. தூதர்களை அழைத்து விசாரித்தும் சதி எதுவும் நிரூபணமாகவில்லை. பின்னர் இந்திய வரலாறு எழுதிய ஜேம்ஸ் மில், கம்பனிக்கு எந்த விதத்திலும் பகைவர் அல்லர். அவரே இந்த ஆதாரங்களால் குற்றம் நிற்காது என்று முடிவு கட்டினார். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமோடு மரியாதையாகப் பேசியதே சதிக்குச் சான்றாக எடுக்கப்பட்டது. இதைப் படிக்கும்போது இந்நாட்டில் வாழும் நமக்கு ஏதோ பழகிய வாசனை அடிக்கிறது.

1800 டிசம்பரில் ஆர்தர் வெலஸ்லி ஒரு படையெடுப்புக்கு ஆயத்தம் செய்யத் திருகோணமலை வந்து, 1801 பெப்ரவரி வரை தங்கினார். அதே 1801 ஜூலை 5 அன்று, நவாப் மரணப் படுக்கையில் இருந்தபோது, கம்பனிப் படை சேப்பாக்கம் மாளிகை வாசலில் வந்து நின்றது. பொக்கிஷத்தைப் பாதுகாக்கவே என்றார்கள். பத்து நாள் அப்படியே கழிந்தது. ஜூலை 15 அன்று அவர் கண்ணை மூடினார். ஜனாஸா வீட்டில் இருக்கும்போதே, அன்றைய தினமே, கம்பனியின் பிரதிநிதிகள் உள்ளே வந்து குற்றச்சாட்டை வாசித்து, வாரிசான மகன் அலி ஹுஸைனிடம் நாட்டை எழுதித் தரச் சொன்னார்கள். அந்த இளைஞன் மறுத்தான். உடனே ஒன்றுவிட்ட சகோதரர் அஸீமுத்தவ்லாவைக் கண்டுபிடித்தார்கள். 1801 ஜூலை 31 ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார்: வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் நவாப் என்ற பெயரும் அவருக்கு, நாடு கம்பனிக்கு. சென்னை ஆளுநராக இருந்து இதை நிறைவேற்றியவர் எட்வர்ட் கிளைவ். வாலாஜாவை அரியணையில் உட்காரவைத்த ரொபர்ட் கிளைவின் மகன்.

அலி ஹுஸைன் 1802 ஏப்ரலில் இறந்துபோனான். 1808இல் லண்டன் நாடாளுமன்றத்தில் இந்த விவகாரம் எழுப்பப்பட்டது. பெரும்பான்மை வெலஸ்லியின் பக்கமே நின்றது. அங்கே அமர்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் மாலையில் ஏப்ரன் கட்டிக்கொண்டார்களோ தெரியாது. 

காணொளிகள் சொல்லும் கண்ணும் முக்கோணமும் இந்தக் கதையில் எங்கும் வேலை செய்யவில்லை. நாடு போனது கடன் பத்திரத்தால், ஒப்பந்தத்தால், வாசலில் நின்ற சிப்பாயால். எல்லாம் பட்டப்பகலில், கையெழுத்தோடு நடந்தவை. அந்தப் பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த தவணை வகுப்பில் 1792 ஒப்பந்தத்தின் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

ஆர்தர் வெலஸ்லி 83 வயதுவரை வாழ்ந்தார். முதுமையில், தாம் பிரீமேசனாகச் சேர்ந்ததாகவே தமக்கு நினைவில்லை என்று பதில் அனுப்பினார்.