கலவையின் கணக்கைக் கண்டவர்

நீரில் 50 கன சென்டிமீட்டரும், தூய ஆல்கஹாலில் 50 கன சென்டிமீட்டரும் எடுத்து ஒன்றாகக் கலந்தால், கலவையின் பருமன் 100 கன சென்டிமீட்டராக இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். அளந்து பார்த்தாலோ, அது 97 கன சென்டிமீட்டரைக்கூட எட்டாது. துளியும் சிந்தவில்லை, எடையும் குறையவில்லை. எனினும், பருமன் சுருங்கிவிடுகிறது. இத்தகைய கலவைகளின் இயல்பை ஆராய்வதற்கு உறுதியான கணித அடிப்படை அமைத்துத் தந்த பெரியார் வில்லார்டு கிப்ஸ் ஆவார்.

கிப்ஸ், 1839ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள், அமெரிக்க நாட்டின் நியூஹேவன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அந்நகரிலுள்ள யேல் கல்லூரியில் சமய நூல்களைக் கற்பித்த பேராசிரியர், மொழியறிவு மிக்கவர். கிப்ஸும் 15ஆம் வயதில் அக்கல்லூரியிற் சேர்ந்து, இலத்தீனிலும் கணிதத்திலும் பரிசுகள் பெற்றார். பற்சக்கரங்களின் வடிவத்தை ஆராய்ந்து, 1863இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் ஐரோப்பா சென்று, பாரிஸ், பெர்லின், ஹைடல்பர்க் ஆகிய நகரங்களில் மூன்றாண்டுகள் தங்கி, அறிஞர்களின் விரிவுரைகளைக் கேட்டுத் தம் அறிவைப் பெருக்கிக்கொண்டார்.

1871ஆம் ஆண்டில் யேல் கல்லூரி அவரைக் கணித இயற்பியற் பேராசிரியராக்கியது. பதவி பெரிது; ஆனால் ஊதியம் இல்லை! பெற்றோர் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு எளிய வாழ்க்கை நடத்திய கிப்ஸ், ஒன்பது ஆண்டுகள் ஊதியமின்றியே உழைத்தார். திருமணம் செய்துகொள்ளாமல், தமக்கையாரின் குடும்பத்தோடு தந்தையாரின் இல்லத்திலேயே வாழ்ந்தார். அவருடைய பெரும்பணி உருவானது அவ்வாண்டுகளிலேதான்.

அதுவரை வெப்ப இயக்கவியல் பெரும்பாலும் நீராவிப் பொறியைச் சார்ந்தே வளர்ந்திருந்தது. மூடிய கலத்தில் அடைபட்ட, அளவு மாறாத பொருளையே அறிஞர் கருத்திற்கொண்டனர். கிப்ஸ் அக்கலத்தைத் தம் சிந்தையில் திறந்துவிட்டார். பொருள்கள் உள்ளே வருதலும் வெளியே போதலும் உண்டாயின், கலவையின் ஆற்றல் எவ்வாறு மாறும் என வினவினார். ஒவ்வொரு பொருளும் சிறிதளவு கூடும்போது ஆற்றலில் நேரும் மாற்றத்தைக் கணக்கிட்டு, அதனை அப்பொருளின் அழுத்தநிலை என வகுத்தார். இதுவே இன்று வேதி அழுத்தம் எனப்படுகிறது. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் பாய்வதுபோல, பொருள்களும் வேதி அழுத்தம் மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குச் செல்லும். அது எங்கும் சமமானால் சமநிலை தோன்றும்.

இம்முறையைப் பருமன் முதலியவற்றிற்கும் விரித்து, பின்வந்தோர் பகுதி மோலார் பண்புகள் எனப் பெயரிட்டனர். ஒரு மோல் நீர் 18 கிராம் எடையுள்ளது. அதை நீரிலேயே சேர்த்தால் பருமன் 18 கன சென்டிமீட்டர் கூடும். மிகுதியான ஆல்கஹாலிற் சேர்த்தால் ஏறத்தாழ 14 கன சென்டிமீட்டரே கூடும். கலவையில் ஒரு பொருளின் பங்கு, அது சேர்ந்துள்ள பொருள்களையும் அவற்றின் அளவையும் பொறுத்ததாகும்.

கிப்ஸின் நீண்ட கட்டுரை 1876, 1878ஆம் ஆண்டுகளில் கனெக்டிகட் கழகத்தின் இதழில் வெளிவந்தது. ஏறத்தாழ 300 பக்கங்களும் 700 சமன்பாடுகளும் கொண்ட அக்கட்டுரையை அச்சிடக் கழகத்தார் ஊராரிடம் நிதி திரட்டினர். ஆயினும், அருகிலிருந்தோருள் அதனை உணர்ந்தோர் மிகச் சிலரே. கடல் கடந்த இங்கிலாந்தில் வாழ்ந்த பேரறிஞர் மாக்ஸ்வெல்லோ, கிப்ஸின் முந்தைய கட்டுரையைக் கண்டபோதே வியந்தார். அதிற் கூறிய பரப்பைத் தம் கையால் களிமண்ணில் உருவாக்கி, அதன் சுதை வார்ப்பொன்றை அனுப்பிப் பாராட்டினார். பெருங்கட்டுரையை 1892இல் ஆஸ்ட்வால்டு ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1899இல் அதன் பகுதியை லெ ஷாட்லியே பிரெஞ்சு மொழியில் தந்தார்.

1880இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆண்டிற்கு 3000 டாலர் தருவதாக அவரை அழைத்தது. யேல் கல்லூரியார் விழித்தெழுந்து, 2000 டாலர் தர முன்வந்தனர். கிப்ஸ் குறைந்த ஊதியத்தையே ஏற்று, பிறந்த ஊரிலேயே தங்கினார்.

1901இல் இலண்டன் ராயல் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறைந்தார். மருந்தும் உரமும் உலோகக் கலவையும் ஆக்குவோர் இன்றும் அவர் வகுத்த சமன்பாடுகளைக் கையாள்கின்றனர். புகழ் வரும்வரை பணியை நிறுத்திவைக்காதவர் கிப்ஸ். பயன் கருதாது உண்மையை நாடுவோரின் உழைப்பு, காலம் தாழ்த்தேனும் உலகிற்குப் பயன் தந்தே தீரும்.