ஆன்செல் ஆடம்ஸ்

ஆன்செல் ஈஸ்டன் ஆடம்ஸ் (பெப்ரவரி 20, 1902 – ஏப்ரல் 22, 1984) அமெரிக்காவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞரும் இயற்கைப் பாதுகாப்பு ஆர்வலரும் ஆவார். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படங்களுக்காகப் பரவலாக அறியப்படுகிறார். இவர் உருவாக்கிய மண்டல முறை, எண்ணிமப் படக்கருவிகள் காட்டும் ஹிஸ்டோகிராமைப் புரிந்துகொள்ளவும் துணைபுரிகிறது.

வாழ்க்கை

ஆடம்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் பின்னதிர்வில் விழுந்து மூக்கெலும்பு முறிந்தது. இளமையில் பியானோ பயின்றார். 1916இல் யோசெமிட்டிக்குச் சென்றபோது பெற்றோர் அளித்த கோடாக் பிரவுனி படக்கருவி இவரை ஒளிப்படத்துறைக்கு ஈர்த்தது. 1927இல் ஹாஃப் டோம் பாறையை எடுக்கையில், கடைசிக் கண்ணாடித் தகட்டில் சிவப்பு வடிகட்டியைப் பயன்படுத்தி வானத்தைக் கருமையாக்கினார். படம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை எடுப்பதற்கு முன்பே மனத்தில் காணும் வழக்கம் இதிலிருந்து உருவானது. 1932இல் எட்வர்டு வெஸ்டன் முதலியோருடன் எஃப்/64 குழுவைத் தொடங்கினார்.

மண்டல முறை

1940ஆம் ஆண்டையொட்டி பிரெட் ஆர்ச்சருடன் இணைந்து இம்முறையை வகுத்தார். இதில் முழுக் கறுப்பு முதல் முழு வெள்ளை வரையான ஒளிர்வு 0 முதல் 10 வரை 11 மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. அடுத்தடுத்த மண்டலங்களுக்கிடையே ஒளியளவு இருமடங்காகும். நடுச் சாம்பல் நிறம் 5ஆம் மண்டலம். காட்சியின் ஒரு பகுதியை அளந்து, அது எந்த மண்டலத்தில் அமைய வேண்டும் என்பதை ஒளிப்படக் கலைஞரே தீர்மானிக்கிறார்.

1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டசில் நிலவெழுச்சியைக் கண்டபோது ஒளிமானி கைக்குக் கிடைக்கவில்லை. கல்லறைச் சிலுவைகளின் மீதிருந்த வெயில் மறையும் தறுவாயில் இருந்தது. நிலவின் ஒளிர்வு அளவு நினைவில் இருந்ததால், அதனை 7ஆம் மண்டலத்தில் வைத்து ஒளியளவைக் கணக்கிட்டார். ஒரே படம் எடுக்க முடிந்தது. இரண்டாவது படத்திற்குள் வெயில் மறைந்துவிட்டது. முன்புறம் போதிய ஒளி பெறாததால் அச்சிடுதல் கடினமாயிற்று. எனவே 1948இல் எதிர்ப்படத்தின் கீழ்ப்பகுதியை வேதிமுறையில் அடர்த்தியாக்கினார்.

ஹிஸ்டோகிராமுடன் தொடர்பு

ஹிஸ்டோகிராம் ஒரு வரைபடம். இதன் இடப்பக்கம் கருமையையும் வலப்பக்கம் வெண்மையையும் குறிக்கும். உயரம் அவ்வொளிர்வுடைய படப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் காட்டும். 8 பிட் படத்தில் அளவுகோல் 0 முதல் 255 வரை அமையும். வரைபடம் வல ஓரத்தில் முட்டி நின்றால் அப்பகுதியின் நுணுக்கங்கள் இழக்கப்பட்டிருக்கக்கூடும்.

எதிர்ப்படச் சுருளில் நிழல் பகுதி பதியாவிட்டால் பின்னர் மீட்க இயலாது. அதனால் நிழலை முதன்மையாகக் கொண்டு ஒளியளவு வைப்பர். எண்ணிமப் படத்தில் வெளிர் பகுதியைக் காப்பதே முதன்மையானது. எனினும் வரைபடம் நடுவில் குவிவதே சரியான படம் என்பதில்லை. இரவுக் காட்சி இடப்பக்கமும் பனிப்பரப்பு வலப்பக்கமும் சாய்வது இயல்பு. எந்த ஒளிர்வு எங்கே அமைய வேண்டும் என்பதை வரைபடம் கூறாது. அது எடுப்பவரின் தீர்மானம்.

இறுதிக் காலம்

1980இல் அமெரிக்காவின் சனாதிபதி விடுதலைப் பதக்கம் பெற்றார். மின்னணுப் படங்களின் வருகையை 1981இல் வெளியான தம் நூலில் வரவேற்றிருந்தார். அவை பரவலாவதற்கு முன்பே 1984இல் மான்டரேயில் காலமானார். யோசெமிட்டி பகுதியிலுள்ள மலை ஒன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது.