மண்ணின் காலக்கணக்கு

நிலத்தின் ஆற்றல் அழியாதது என்ற ரிக்கார்டோவின் கருத்தை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்தவன் நான். ஆடம் ஸ்மித்தின் நெருங்கிய நண்பரான ஜேம்ஸ் ஹட்டனை ஓய்வுக்குப் பின்னரே படித்தேன்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1726இல் பிறந்த ஹட்டன், மருத்துவப் பட்டம் பெற்றும் உழவை மேற்கொண்டார். தம் பண்ணையின் மேல்மண்ணை மழைநீர் அரித்துக் கடலுக்குக் கொண்டுசெல்வதைக் கண்டார். அரிப்பு மட்டுமே நிகழ்ந்தால் நிலப்பரப்பு என்றோ கரைந்து தீர்ந்திருக்க வேண்டுமே என்ற வினா எழுந்தது. கடலடியில் படியும் வண்டல் பாறையாக இறுகி, பூமியின் உள்வெப்பத்தால் மீண்டும் நிலமாக உயர்கிறது என்ற விடையை 1785இல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் முன்வைத்தார். 1788இல் சிக்கார் முனைக் கடற்கரையில், செங்குத்தாக நின்ற பழைய பாறையடுக்குகளின்மேல் செம்மணற்பாறை சற்றே சாய்ந்து படிந்திருந்தது அதற்குச் சான்றாயிற்று.

1790இல் மறைந்த ஸ்மித்தின் கட்டுரைகளைப் பதிப்பித்த இருவருள் இவரும் ஒருவர். 1797இல் ஹட்டன் மறைந்தபின், நண்பர் பிளேஃபேர் 1802இல் வெளியிட்ட விளக்கநூலே அவர் கருத்தைப் பரப்பியது.

மண் அழியும், மீண்டும் பிறக்கும். ஆனால், அதற்குத் தேவைப்படும் காலம் எந்த ஐந்தாண்டுத் திட்டத்திலும் அடங்காது. இதை நான் கற்கத் தாமதித்துவிட்டேன். நம் நிலக் கொள்கைகள் தாமதிக்கலாகாது.