திப்பு சுல்தான்

திப்பு சுல்தான் (இறப்பு: மே 4, 1799) ஐதர் அலியின் மகன், 1782 முதல் மைசூரை ஆண்டவர். சீரங்கப்பட்டணத்தில் பிரெஞ்சுக் கைவினைஞர்களையும் அமர்த்தி, வாய்வழியே மருந்திடும் துப்பாக்கிகளைச் செய்வித்தார். குழல்களில் புலிவரிகளும், இவரே வகுத்த நாட்காட்டியின் ஆண்டும் பொறிக்கப்பட்டன. பீரங்கிகள் சிலவற்றின் வாய் புலித்தலையாகவே வார்க்கப்பட்டது. அழகைவிடப் பயன் மிகுந்தது, ஐதர் காலம் முதலே இப்படை கையாண்ட ஏவுகணையின் இரும்புக் குழல். மிகுந்த அழுத்தம் தாங்கியதால் அது நெடுந்தொலைவு பாய்ந்தது.

மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 சூலையில் ஒசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயின. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையோ அந்த நவம்பரில் நிகழ்ந்த தாக்குதலைத் தாங்கி நின்றது. ஆயினும் 1792 உடன்படிக்கைப்படி கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலைத் திப்பு இழந்தார். மகன்கள் இருவரைப் பிணையாகவும் அனுப்பினார். 1799 முற்றுகையில் இவர் வீழ்ந்தபின், துப்பாக்கிகள் பல போர்க்கொள்ளையாக இங்கிலாந்து சென்றன. சில இன்றும் பிரித்தானிய அரச சேகரிப்பில் உள்ளன.