கடிகாரம் பிரித்த கைகள்

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு. தில்லியின் குளிருக்கு அஞ்சி விடுதி அறையின் சன்னலைச் சாத்திவிட்டு அமர்ந்திருந்தேன். நம் சங்கத்தைச் சேர்ந்த முதலாண்டு மாணவன் ஒருவன் கதவைத் தட்டினான். நெல்லைச் சீமைச் சிற்றூரிலிருந்து வந்தவன். பள்ளிக் கல்வி முழுவதையும் தமிழிலேயே பயின்றவன். ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவுகளைக் கணக்கிட நான் எழுதி வைத்திருந்த நிரலை ஒருமுறை காட்டும்படி கேட்டான். அது என் மூன்று மாத உழைப்பு. கொடுக்க மனம் வரவில்லை. அவனுடைய எண்களை வாங்கி, நானே கணக்கிட்டு, விடைப் பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்பினேன். ஒரு தம்பிக்கு உதவிவிட்டேன் என்று பெருமிதமும் கொண்டேன்.

மறுவாரம் ஆசிரியர் முன் அவன் நின்றபோது, அந்த விடைகள் எவ்வாறு வந்தன என்று கேட்கப்பட்டது. அவனால் சொல்ல முடியவில்லை. தலைகுனிந்து திரும்பினான் என்று பிறர் சொல்லக் கேட்டேன். என்னிடம் வந்து அவன் ஒரு சொல்லும் குறையாகக் கூறவில்லை. அதுதான் என்னை மிகவும் சுட்டது.

அந்நாட்களில் நான் படித்துக்கொண்டிருந்தது கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் வாழ்க்கை. நம் பாடநூல்களில் ஒரு வரியில் வந்து மறையும் பெயர் அது. ஆனால் அன்று அப்பெயர் என்னை உறங்கவிடவில்லை.

ஹேக்கர் என்ற சொல்லைக் கேட்டவுடன் வங்கிக் கணக்கில் கன்னமிடும் திருடனே நம் நினைவுக்கு வருகிறான். அச்சொல் பிறந்தபோது அதற்கு அப்பொருள் இல்லை. 1950-களின் இறுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பொம்மை இரயில் அமைத்து மகிழ்ந்த மாணவர் மன்றம் ஒன்று இருந்தது. நுட்பமாகச் செய்த வேலையை அவர்கள் ஹேக் என்றனர். அதைச் செய்தவன் ஹேக்கர் ஆனான். பின்னர் அம்மாணவர்கள் கணிப்பொறியிடம் வந்தார்கள். பொறி எதுவாயினும் அதைத் தொட்டுப் பிரித்து அறிய வழி வேண்டும். அறிந்ததை மறைக்காமல் பகிர வேண்டும். ஒருவனைப் பட்டத்தாலும் பதவியாலும் அளவாமல் அவன் வேலையால் அளக்க வேண்டும். இவையே அவர்கள் வாழ்ந்து காட்டிய அறம். 1984-இல் ஸ்டீவன் லெவி என்பார் தம் நூலில் இதனைத் தொகுத்து எழுதினார்.

ஹாப்பர் அம்மையார் அந்த மன்றத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர்களினும் ஒரு தலைமுறை மூத்தவர். கடற்படைச் சீருடை அணிந்தவர். ஆயினும் அந்த அறத்திற்குப் பெயர் ஏற்படும் முன்னரே அதன்படி நடந்தவர் என்பது என் துணிபு.

1906-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் நியூயார்க் நகரில் அவர் பிறந்தார். ஏழு வயதில், மணியடிக்கும் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்று அறிய விரும்பி ஒன்றைப் பிரித்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதை அறிவதற்காக மற்றொன்றைப் பிரித்தார். இவ்வாறு வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பிரிந்து கிடந்தன! அன்னையார் அடிக்கவில்லை, இனி ஒரு கடிகாரத்தை மட்டும் பிரிக்கலாம் என்று வரம்பு கட்டினார். மகனுக்குரிய கல்வி மகள்களுக்கும் வேண்டும் என்று கருதியவர் தந்தையார். அத்தகைய வீட்டிலே வளர்ந்த பெண், 1928-இல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்று, 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். வாசரிலேயே ஆசிரியப் பணியும் ஏற்றார்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1943 டிசம்பரில் அவர் கடற்படையின் துணைப் பிரிவில் சேர்ந்தார். வயதோ 37, உடல் எடையோ வேண்டிய அளவுக்கு 15 பவுண்டு குறைவு. விதிவிலக்குப் பெற்றே உள்ளே நுழைந்தார். 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கே ஹோவர்டு ஐக்கன் என்பவர் தலைமையில் மார்க்-1 என்னும் பெருங் கணிப்பொறி ஓடிக்கொண்டிருந்தது. 51 அடி நீளம், 8 அடி உயரம். ஆனால் நொடிக்கு மூன்று கூட்டல்தான் செய்யும்! பெண் அதிகாரி ஒருவர் வந்ததை ஐக்கன் முதலில் விரும்பவில்லை. வந்த அன்றே பொறியைச் சுட்டிக்காட்டி, ஆர்க் டான்ஜெண்ட் தொடரின் கெழுக்களை அடுத்த வியாழக்கிழமைக்குள் தரும்படி ஆணையிட்டார். அம்மையார் அதற்கு முன் கணிப்பொறியைக் கண்டதே இல்லை. வாதாடவில்லை; வேலையால் விடை சொன்னார். சில திங்களுக்குள் ஐக்கனே அவரை நம்பிப் பொறியின் கையேட்டை எழுதப் பணித்தார். 1946-இல் வெளிவந்த அந்நூல் 500 பக்கங்களுக்கு மேற்பட்டது. பொறியின் உள்ளும் புறமும் அதில் விளக்கப்பட்டன. ஏழு வயதில் பிரித்த கை, இப்போது பிரித்ததைப் பிறருக்குக் காட்டவும் கற்றுக்கொண்டது.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. சைன் மதிப்பைக் கணக்கிடும் நிரல் துண்டு ஒருவருடைய குறிப்பேட்டில் சரியாக இருந்தால், மற்றவர் அதைக் கேட்டு வாங்கிப் படி எடுத்துக்கொள்வார். யாரும் ஒளிப்பதில்லை. ஆனால் கையால் படி எடுக்கும்போது பிழை நேர்ந்தது. எண்களை இடம் மாற்றிக் கூட்டும்போதும் பிழை நேர்ந்தது. படி எடுப்பதும் கூட்டுவதும் மனிதருக்குச் சலிப்பான வேலைகள். கணிப்பொறிக்கோ அவையே கைவந்த வேலைகள். அவ்வாறாயின் அந்த வேலையைப் பொறியிடமே விட்டால் என்ன? இந்த வினாவின் விடைதான் கம்பைலர் எனப்படும் தொகுப்பி. அம்மையார் 1949-இல் பிலடெல்பியாவில் எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்து, 1952-இல் ஏ-0 என்னும் முதல் தொகுப்பியை இயக்கிக் காட்டினார். பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இல்லாத இடத்தில் இந்த எண்ணம் முளைத்திருக்குமா? ஐயமே.

கணிப்பொறி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று கூறிப் பலர் நம்ப மறுத்தனர். அவர் அடுத்தடுத்த பதிப்புகளைச் செய்தார். 1953-இல் ஏ-2 வெளிவந்தபோது, யூனிவாக் கணிப்பொறி வாங்கியவர்களுக்கு அதன் மூல நிரலே அளிக்கப்பட்டது; திருத்தம் கண்டால் திருப்பி அனுப்பும்படியும் கேட்டுக்கொள்ளப்பட்டது. இன்று கட்டற்ற மென்பொருள் என்று நாம் போற்றும் வழக்கத்திற்கு இது ஒரு முன்னோடி அன்றோ?

அதனினும் பெரிய கதவு ஒன்றை அவர் திறக்க விரும்பினார். கணிதக் குறியீடு அறியாத கடைக் கணக்கரும் அலுவலகப் பணியாளரும் தாம் பேசும் சொற்களாலேயே பொறியை ஏவ வேண்டும் என்றார். அவ்வாறு பிறந்தது ஃப்ளோ-மேட்டிக். அம்முயற்சியின்போது, ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாகப் பிரெஞ்சு, செர்மன் சொற்களை இட்டும் பொறியை இயக்கிக் காட்டினார். அமெரிக்கக் கணிப்பொறி அயல்மொழி அறிவதா என்று மேலாளர்கள் மருண்டதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பொறிக்கு எம்மொழியும் ஒன்றே. எழுத்துகள் வெறும் அடையாளங்களே என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. தமிழில் பயின்று இங்கு வந்து, ஆங்கிலத்தின் முன் நடுங்கி நிற்கும் நம் தம்பிகள் இதனை நினைவில் கொள்க.

1959-இல் அரசும் நிறுவனங்களும் கூடிப் பொதுமொழி ஒன்றைச் செய்ய முனைந்தபோது, ஃப்ளோ-மேட்டிக் அதற்கு அடிப்படையாயிற்று. அம்மையார் ஆலோசகராக இருந்தார். அதுவே கோபால் மொழி. 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல், இரு வேறு நிறுவனங்கள் செய்த இரு வேறு கணிப்பொறிகளில் ஓடியது. சொல் மிகுந்த மொழி என்று அறிஞர் சிலர் அதை எள்ளினர். எள்ளட்டும்! நிரல் ஒரு நிறுவனத்தின் சிறையிலிருந்து விடுபட்டது.

இத்தகைய வாழ்விலும் ஒரு நிழல் உண்டு. அதனை மறைப்பது முறையன்று. 1944-இல் வான் நியூமன் என்னும் கணித மேதை ஹார்வர்டுக்கு ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். மார்க்-1 குழு இரவு பகலாக உழைத்து அதை முடித்துக் கொடுத்தது. அது அணுகுண்டுக்கான கணக்கு என்பது குழுவினருக்கு அப்போது தெரியாது. வழி தெரியாமல் விடையை வாங்கியவன் என் அறைக்கு வந்த தம்பி. பயன் தெரியாமல் விடையைக் கொடுத்தவர்கள் அக்குழுவினர். அறிவின் ஒரு பாதியை மறைத்தால், செய்கிறவரும் பெறுகிறவரும் குருடராகின்றனர்.

அம்மையார் 1966 இறுதியில் ஓய்வு பெற்றார். 1967-இல் ஆறு திங்களுக்கென மீண்டும் அழைக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணிபுரிந்தார்! அவர் அலுவலகச் சுவரில் பின்னோக்கி ஓடும் கடிகாரம் ஒன்று தொங்கியது. வழக்கம் என்ற ஒன்றே காரணமாகாது என்பதை வருவோர்க்கு அது உணர்த்தியது. பேசும் இடமெல்லாம் ஏறத்தாழ 30 செண்டிமீட்டர் நீளக் கம்பித் துண்டுகளைக் கொண்டுசென்று கேட்போர் கையில் கொடுப்பார். ஒரு நானோ நொடியில் ஒளி செல்லக்கூடிய தொலைவு அது. கண்ணுக்குப் புலப்படாததையும் கையில் தர அறிந்த ஆசிரியர்! 1986-இல், 79 வயதில், ரியர் அட்மிரல் பதவியில் ஓய்வு பெற்றபோது கடற்படையில் பணியிலிருந்த அதிகாரிகளுள் அவரே மிக மூத்தவர். 1992 சனவரி முதல் நாள் மறைந்தார். ஆர்லிங்டன் கல்லறையில் துயில்கிறார். 2016-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

நூலை மூடிய இரவு நானே அந்தத் தம்பியின் அறைக் கதவைத் தட்டினேன். என் நிரல் முழுவதையும் அவனுக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியும் எதற்காக என்பதைத் தமிழிலேயே எழுதியும் வைத்தேன். மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. அவன் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

மூன்றாம் நாள் மாலை அவன் ஓடி வந்தான். அண்ணே, ஒரு வரியில் ஐயமாக இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். பார்த்தேன். வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றாமல் செல்சியசாகவே ஓரிடத்தில் விட்டிருந்தேன். மூன்று மாதமாக என் கண்ணுக்குப் படாத பிழை! அவனுக்கு நான் கொடுத்த பட்டியலிலும் அந்தப் பிழை இருந்தது. என் ஆய்வேட்டின் நான்காம் இயலிலும் இருந்தது. இன்னும் இரு வாரத்தில் அதைத் துறையில் ஒப்படைத்திருப்பேன்.

இருவரும் அன்றிரவே உட்கார்ந்து எல்லாக் கணக்கையும் மீண்டும் போட்டோம். விடிந்தபோது என் வரைபடம் மாறியிருந்தது. அவன் இம்முறை தன் விடைகளோடு ஆசிரியரிடம் தானே சென்றான்.

அந்த நிரல் இப்போது நம் சங்க நூலகத்துக் கணிப்பொறியில் பூட்டின்றிக் கிடக்கிறது. நண்பர்களே, எடுத்துப் பிரித்துப் பாருங்கள். பிழை கண்டால் என் கதவைத் தட்டுங்கள்.