நடந்து சென்ற ஆயர் நீல்ஸ் ஸ்டென்சன்

டென்மார்க்கில் வாழும் எம்மவருள் நீரிழிவு நோய்க்கு மருத்துவம் பெறுவோர் ஸ்டெனோ நிலையத்தின் பெயரை நன்கறிவர். அப்பெயருக்குரியவர் ஒரு கத்தோலிக்க ஆயர் என்பதும், தாயகத்தை நீங்கி அந்நிய மண்ணில் உயிர்நீத்தவர் என்பதும் எம்மிற் பலர் அறியாதவை.

இலத்தீனில் ஸ்டெனோ எனப்பட்ட நீல்ஸ் ஸ்டென்சன், 1638ஆம் ஆண்டு கோப்பன்ஹேகனில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மருத்துவம் கற்க ஒல்லாந்து சென்ற அவர், கன்னத்தின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்குச் செல்லும் நாளத்தை 1660இல் கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பின்னர் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலிருந்து பாறைப் படிவுகளை ஆராய்ந்து, கீழ்ப்படிவு மேற்படிவிலும் மூத்தது என 1669இல் எழுதினார். நிலவியலுக்கு அடித்தளம் இட்டவருள் ஒருவராக அவர் போற்றப்படுவது இதனாலேயாம்.

லூதரன் குடும்பத்திற் பிறந்த அவரின் உள்ளத்தை, 1666இல் லிவோர்னோ நகரிற் கண்ட நற்கருணைப் பவனி அசைத்தது. மறு ஆண்டு கத்தோலிக்கரானார். அக்காலத்தில் டென்மார்க்கில் கத்தோலிக்கருக்கு வழிபாட்டுச் சுதந்திரம் இருக்கவில்லை. 1849ஆம் ஆண்டின் அரசியலமைப்பே அதனை வழங்கிற்று. ஆயினும் மன்னரின் அழைப்பை ஏற்று 1672இல் ஊர் திரும்பி, அரச உடற்கூற்று அறிஞராகப் பணியாற்றினார். இரண்டே ஆண்டுகளில் மீண்டும் புறப்பட்டார். பிறந்த ஊரிலேயே அந்நியராக நிற்பதன் வேதனையை எம் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1675இல் குருவானார். 1677இல் வட நாடுகளின் மறைப்பணிப் பொறுப்பு அவரைத் தேடி வந்தபோது, உரோமாபுரிக்குக் கால்நடையாகவே சென்றார். காட்டு வழியே மடு மாதாவிடம் நடந்து சென்ற எம் முன்னோரின் நேர்த்தியை இந்நடை எமக்கு நினைவூட்டுகின்றது. ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பின் ஹனோவர், முன்ஸ்டர், ஹம்பர்க் ஆகிய நகரங்களில் கத்தோலிக்க மக்களுக்குப் பணிபுரிந்தார். ஏழைகளுக்கு உதவுவதற்காக ஆயருக்குரிய மோதிரத்தையும் சிலுவையையும் விற்றார். இறுதியில் ஷ்வேரின் நகரில் எளிய குருவாக வாழ்ந்து, 1686 டிசெம்பரில் 48ஆவது வயதில் காலமானார். அவரது உடல் புளோரன்சுக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1988இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது.

அவர் மறைந்த மறு ஆண்டு, ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த யாழ்ப்பாணத்திற்கு, கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் கூலியாள் கோலத்தில் வந்து சேர்ந்தார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. கோவா நாட்டில் பிறந்த அவ்வடிகளும் இலங்கை எங்கும் நடந்தே பணிபுரிந்தவர்.

ஸ்டென்சனின் அடிச்சுவட்டில் யாத்திரை செல்ல விரும்புவோர் கோப்பன்ஹேகனிற் புறப்பட்டு ஷ்வேரினுக்கும் புளோரன்சுக்கும் செல்லலாம். அவ்வளவு தூரம் செல்ல இயலாதோர், அகதி முகாமிற் புதிதாக வந்திறங்கியிருக்கும் ஒருவரின் கதவுவரை நடந்தாலும் அவர் சென்ற வழியிலேயே செல்கின்றனர் என நாம் கருதுகின்றோம்.