எழுத்துத் தேய்த்த சிறுவன், நூல் வெளியிட்ட பெரியவர்: நிர்ணயசாகர் கண்ட ஜாவ்ஜி தாதாஜி

மும்பை: சம்ஸ்கிருத நூல்களின் பழம்பதிப்புகளைப் புரட்டியவர்களுக்கு, முகப்புத் தாளின் அடியில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் ஒரு முகவரி நன்கு பழகியிருக்கும். நிர்ணயசாகர் அச்சகம், கோல்பாட் சந்து, பம்பாய் என்பதே அது. காளிதாசனோ பாணனோ, அலங்கார நூலோ நாடகமோ, எதை எடுத்தாலும் அந்த முகவரிக்கே வந்து சேர வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த அச்சகத்தை நிறுவிய ஜாவ்ஜி தாதாஜி சௌதரி 1839இல் பிறந்து 1892இல் மறைந்தார். அவர் பண்டிதர் அல்லர். பள்ளிப் படிப்பும் அதிகம் இல்லை. அச்செழுத்துகளைத் தேய்த்து மெருகிடும் கூலிச் சிறுவனாகத் தொழிலுக்குள் நுழைந்தவர்.

பம்பாயில் அச்சுத்தொழிலின் தொடக்கம் அத்தனை மங்கலமாக அமையவில்லை. பீம்ஜி பாரேக் என்ற வணிகரின் வேண்டுகோளுக்கு இணங்க, 1674இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஹென்றி ஹில்ஸ் என்ற அச்சரை இலண்டனிலிருந்து அனுப்பிவைத்தது. வந்தவருக்கு அச்சிடத் தெரிந்திருந்தது. எழுத்து வெட்டத் தெரியவில்லை. உள்நாட்டு எழுத்தில் நூல் காண விரும்பிய பாரேக்கின் ஆசை அத்துடன் நின்றது. தமிழ் எழுத்துகள் அதற்கு நூறாண்டு முன்பே, 1578இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலாக அச்சேறிவிட்டன என்பதை இங்கே நினைவுகூரலாம். எந்திரத்தைக் கப்பலில் கொண்டுவந்துவிடலாம், எழுத்தை இங்கேதான் வெட்டியாக வேண்டும். பம்பாயின் பதிப்பு வரலாறு முழுவதும் இந்தச் சிக்கலைச் சுற்றியே நகர்ந்தது.

1812இல் பர்துன்ஜி மர்ஸ்பான் குஜராத்தி அச்சகம் தொடங்கினார். ‘மும்பை சமாசார்’ 1822இல் வெளிவந்தது. அமெரிக்க மிஷன் அச்சகம் 1817 முதல் மராத்தி நூல்களை அச்சிட்டுவந்தது. மதம் பரப்புவதற்காக நிறுவப்பட்ட அந்த அச்சகம், தான் நினைத்திராத ஒரு பணியையும் செய்தது. உள்ளூர் இளைஞர்களுக்கு அது ஒரு தொழிற்பள்ளியாக அமைந்தது. அங்கே தொழில் கற்ற கண்பத் கிருஷ்ணாஜி பின்னர் தனியே கல்லச்சு தொடங்கி, 1831இல் பஞ்சாங்கம் அச்சிட்டார். மையில் விலங்குக் கொழுப்பு கலந்திருக்கும் என்று அஞ்சி, அச்சிட்ட தாளைத் தொடவே மறுத்த ஆசாரசீலர்கள் வாழ்ந்த காலம் அது.

ஏழை மராத்தா குடும்பத்தில் பிறந்த ஜாவ்ஜி, ஏறத்தாழப் பத்து வயதில் அதே அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அச்சகத்தை நடத்தியவர் தாமஸ் கிரகாம். தேவநாகரி எழுத்துகளின் வடிவைச் செம்மைப்படுத்துவதில் பெயர்பெற்றவர் அவர். சிறுவனுக்குக் கிடைத்ததோ அங்கிருந்த வேலைகளிலேயே மிகக் கீழான வேலை.

அந்த வேலையின் தன்மையை அறிந்தால்தான் பிற்கால ஜாவ்ஜியை அறிய முடியும். முதலில் எஃகுத் தண்டின் முனையில் எழுத்தைத் தலைகீழ் உருவாக வெட்டுவார்கள். அதைக் கடினப்படுத்திச் செப்புத் துண்டில் அறைந்தால், எழுத்துக் குழியாகப் பதியும். அந்தக் குழியை வார்ப்புக் கருவியில் பொருத்தி, ஈயமும் ஆன்டிமணியும் வெள்ளீயமும் கலந்த உருக்கை ஊற்றினால் அச்செழுத்துப் பிறக்கும். ஆனால் வார்ப்பிலிருந்து வந்ததும் அதைப் பயன்படுத்திவிட முடியாது. ஓரங்களில் பிசிறு இருக்கும். அதைத் தேய்த்துப் பக்கங்களைச் சமப்படுத்த வேண்டும். ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு, நாள் முழுவதும், ஈயத்தூசிக்கு நடுவே.

தமிழ் அச்சில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி உண்டு. சிறு பிழை கண்ணில் படாமல் போகலாம். தேவநாகரியில் அந்தச் சலுகை இல்லை. சொல்லின் தலைக்கு மேலே ஓடும் கோடு ஒவ்வோர் எழுத்துத் துண்டிலும் தனித்தனியே வார்க்கப்பட்டு, அடுக்கும்போது ஒன்றாக இணைய வேண்டும். தேய்ப்பவன் கை சற்றுத் தவறினால் கோடு அறுந்துபோகும்; சொல் நடுவில் பிளந்து நிற்கும். போதாக்குறைக்கு, கூட்டெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், உயிர்க்குறிகள் மேலும் கீழும் ஒட்டும். ஒரு முழுத் தொகுதிக்கு நூற்றுக்கணக்கான வெவ்வேறு துண்டுகள் தேவைப்பட்டன. பிற்காலத்தில் நிர்ணயசாகர் பதிப்புகளின் அழகாகப் போற்றப்பட்ட அறுபடாத தலைக்கோட்டின் இரகசியத்தைத் தேய்ப்புக்கல்லின் முன்னால்தான் ஜாவ்ஜி கற்றார் என்று கொள்வதில் தவறில்லை.

மிஷன் அச்சகத்தை விட்டபின் அவர் பம்பாயின் வேறு அச்சகங்களிலும் பணிபுரிந்தார். தொழிலாளி வேறிடம் மாறும்போதெல்லாம் கூலியோடு கைத்திறனும் ஒருபடி உயர்வது அக்காலத்து அச்சுத்தொழிலின் வழக்கம். வார்ப்பவர், எழுத்து வெட்டுபவர், அச்சுக் கோப்பவர், மெய்ப்புத் திருத்துபவர், கட்டடம் கட்டுபவர் என்று படிகள் பல இருந்தன. ஆயினும் கூலிக்காரர் முதலாளியாகும் படி மட்டும் அரிதாகவே கிட்டியது.

1864இல் ஜாவ்ஜி அந்தப் படியில் ஏறினார். சொந்தமாக எழுத்து வார்ப்படச் சாலை தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் இலங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்று, பம்பாய்ப் பருத்தியின் விலை விண்ணைத் தொட்ட ஆண்டுகள் அவை. நகரில் பணம் புரண்டது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து, வங்கிகளும் வணிகர்களும் வீழ்ந்தனர். அந்தச் சரிவுக்குப் பிறகும் வார்ப்படச் சாலை நிலைத்து நின்றது. அவருக்குத் துணையாக இருந்தவர் ராணோஜி ராவ்ஜி ஆரு என்ற எழுத்து வெட்டுநர். ஜாவ்ஜியின் பெயர் அறிந்த அளவுக்கு இவர் பெயரை உலகம் அறியவில்லை. ஆனால் பம்பாய் எழுத்து என்று பின்னாளில் பெயர்பெற்று, கல்கத்தா எழுத்திலிருந்து வேறுபடுத்திப் பேசப்பட்ட தேவநாகரி வடிவத்துக்கு இவருடைய கையே முக்கியக் காரணம்.

எழுத்து வார்த்துப் பிறருக்கு விற்றுவந்தவர் 1869இல் தாமே அச்சகம் அமைத்தார். அதுவே நிர்ணயசாகர். தொடக்கத்தில் அதற்குக் கைகொடுத்தது பஞ்சாங்கம். இன்றைய பதிப்பாளர்களும் ஊன்றிப் பார்க்க வேண்டிய கணக்கு இதில் இருக்கிறது. காவியத்தை வாங்கியவர் அதையே மறுமுறை வாங்கமாட்டார். பஞ்சாங்கமோ ஆண்டு முடிந்ததும் பழசாகிவிடும். தமிழ்நாட்டில் பாம்புப் பஞ்சாங்கம் ஆண்டுதோறும் வீடு தேடி வருவதைப் போன்றே மராத்தி வீடுகளுக்கும் பஞ்சாங்கம் தவறாமல் வந்தாக வேண்டும். ஆண்டுதோறும் வரும் இந்த உறுதியான பணம், விற்பனை மெதுவாக நடக்கும் நூல்களைத் தாங்கியது. 1881இல் விநாயக் கோண்டதேவ் ஓக் தொடங்கிய ‘பாலபோத்’ என்ற சிறுவர் மாத இதழும் நிர்ணயசாகரில் அச்சாயிற்று.

ஜாவ்ஜியின் துணிவான முயற்சி 1886இல் தொடங்கிய ‘காவியமாலை’ வரிசை. அச்சேறாத சம்ஸ்கிருதக் காவியங்களையும் நாடகங்களையும் அலங்கார நூல்களையும் மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளியிடும் திட்டம் அது. பதிப்பாசிரியர்களாக ஜெய்ப்பூர் அறிஞர் பண்டித துர்காபிரசாதும் காசிநாத் பாண்டுரங் பரபும் அமர்ந்தனர். 1868 முதல் பம்பாய்க் கல்வித் துறை அரசுச் செலவில் சம்ஸ்கிருத நூல்வரிசை ஒன்றை நடத்திவந்தது. காவியமாலைக்குப் பின்னால் நின்றதோ ஓர் அச்சக உரிமையாளரின் முதல் மட்டுமே.

அதே ஆண்டுகளில் தமிழில் நடந்ததை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1887இல் சி. வை. தாமோதரம் பிள்ளையின் ‘கலித்தொகை’யும் உ. வே. சாமிநாதையரின் ‘சீவக சிந்தாமணி’யும் வெளிவந்தன. தமிழில் அறிஞர்தான் ஏடு தேடினார், பணம் திரட்டினார், கையொப்பக்காரர்களைச் சேர்த்தார், அச்சகத்தின் வாசலில் மெய்ப்புக்காகக் காத்திருந்தார். சொந்த அச்சகம் வைத்திருந்த ஆறுமுக நாவலரைப் போன்றோர் விதிவிலக்கு. பம்பாயில் அச்சகக்காரர் அறிஞரைத் தேடிச் சென்று ஊதியம் கொடுத்து அமர்த்தினார். பதிப்பாசிரியர் என்பது தவமாக இருந்த நிலை மாறி, உத்தியோகமாக ஆன இடங்களில் கோல்பாட் சந்தும் ஒன்று. இரண்டில் எது மேல் என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. சாமிநாதையரின் பதிப்புகளில் காணப்படும் பாடவேறுபாட்டு ஆய்வும் ஒப்புமைப் பகுதிகளும் காவியமாலையில் எப்போதும் அதே அளவில் இருப்பதில்லை. மாதந்தோறும் வெளிவர வேண்டிய வரிசைக்கு அத்தனை பொறுமை வாய்ப்பதில்லை. ஆனால் ஒரு தனிமனிதர் வாழ்நாளில் எட்ட முடியாத எண்ணிக்கையை அந்த வரிசை எட்டியது.

1889இல் சோமதேவரின் ‘கதாசரித்சாகரம்’ நிர்ணயசாகர் பதிப்பாக வந்தது. 1891இல் ஆனந்தவர்த்தனரின் ‘த்வன்யாலோகம்’ அபிநவகுப்தரின் உரையோடு காவியமாலையில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு, ஐம்பத்து மூன்றாம் வயதளவில், ஜாவ்ஜி மறைந்தார். பரதரின் ‘நாட்டிய சாஸ்திரம்’ 1894இல் அதே வரிசையில் வெளிவந்ததைப் பார்க்க அவர் இல்லை.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. அதைக் கொடுத்தவர்களில் தமிழ்நாட்டினரும் உண்டு. தமிழகத்தில் சம்ஸ்கிருதம் கிரந்த எழுத்தில் எழுதப்பட்டது, கிரந்த எழுத்திலேயே அச்சிடவும்பட்டது. பம்பாயிலிருந்து திருத்தமான தேவநாகரிப் பதிப்புகள் வந்து குவியக் குவிய, கல்லூரிகளும் பாடசாலைகளும் அவற்றுக்கே பழகின. கிரந்த அச்சு மெல்ல ஒடுங்கியது. இதற்கு நிர்ணயசாகர் மட்டுமே காரணம் என்பது மிகை. பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களுக்கும் ஐரோப்பிய ஆய்வாளர்களின் வழக்கத்துக்கும் அதில் பங்குண்டு. எனினும் ஒரு சந்தில் வார்க்கப்பட்ட எழுத்து, ஆயிரம் மைல் தெற்கே ஒரு பழைய எழுத்தின் இடத்தை எடுத்துக்கொண்டதை மறைக்க இயலாது.

அந்தத் தெற்கத்தியரில் ஒரு பகுதியினர் பின்னர் பம்பாய்க்கே குடிபெயர்ந்தனர். 1896இல் பிளேக் நோய் நகரின் நெரிசலான உட்பகுதிகளைச் சூறையாடியது. 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா பகுதிகளில் புதிய குடியிருப்புகளை வகுத்தது. அலுவலக எழுத்தர்களாக வந்த தென்னிந்தியர்கள் மாட்டுங்காவில் நிலைகொண்டு, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினர். பின்னர் செம்பூர் வரை பரவினர். சம்ஸ்கிருதம் பயின்ற மாட்டுங்கா வீட்டுப் பிள்ளைகளுக்கு நிர்ணயசாகர் நூல்கள் உள்ளூர்ச் சரக்கு. பக்கத்துத் தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து குடியேறிய திருநெல்வேலித் தமிழர்களுக்கோ அந்த நூல்களோடு உறவு எதுவும் இல்லை. அவர்களின் முன்னோருக்கு அந்த மொழியைக் கற்கும் வாசலே திறக்கப்படவில்லை. பண்டிதர் குலத்தில் பிறக்காத ஜாவ்ஜியும் ஒருவகையில் அந்த வாசலுக்கு வெளியே நின்றவரே. படிக்க வாய்க்காத நூல்களை அவர் பிறர் படிக்க அச்சிட்டுக் கொடுத்தார்.

1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களைப் பொறிக்கக் கட்டாயப்படுத்தியது. அதனால் முகப்புத் தாள்களே அச்சகத்தின் வம்சாவளியாகிவிட்டன. ஜாவ்ஜிக்குப் பின் துக்காராம் ஜாவ்ஜி, அவருக்குப் பின் பாண்டுரங் ஜாவ்ஜி, அவருக்கும் பின் சத்தியபாமாபாய் பாண்டுரங் என்ற பெண்மணி என்று வெளியீட்டாளர் பெயர்கள் மாறிக்கொண்டே வருகின்றன. நூல்வெளியீட்டில் பெண் பெயர் அரிதாகவே தென்பட்ட காலத்தில், பண்டிதர்களின் மேசையில் கிடந்த தடித்த நூல்களில் சத்தியபாமாபாயின் பெயர் இருந்தது.

வரி வரியாக எழுத்து வார்க்கும் லைனோடைப், அடுத்து ஆப்செட், பிறகு கணினி என்று அலைகள் வந்தன. எழுத்து வெட்டுபவர், தேய்ப்பவர், அச்சுக் கோப்பவர் என்ற உத்தியோகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கோல்பாட் சந்தின் வார்ப்பு அடுப்பும் அணைந்தது. நூல்கள் மட்டும் வாராணசியிலும் தில்லியிலும் நிழற்படப் பதிப்புகளாக மறுபடி விற்கப்படுகின்றன. இணைய நூலகங்களில் இலவசமாகவும் கிடைக்கின்றன. அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் விரித்துப் பெரிதாக்கினால், அச்செழுத்துகளின் தலைக்கோடு இன்றும் பல இடங்களில் அறுபடாமல் ஓடுவதைக் காணலாம்.